கொசுக்கடிதானே என்று விட்டுவிடாதீர்கள்



இந்த மாத நலவாழ்வுப் பாடத்தில் ரத்தசோகை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த இதழில் வரும். மழை பிடித்துவிட்டது, கொசுவும் பெருகிவிட்டது. அதோடு எங்கள் மனதில் ஒரு கடன் பாக்கி நிற்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தப் பாடம்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வரவு செலவு வாசித்து, உள்கடன் பேச ஆரம்பித்த நேரம். ஓர் உறுப்பினர் தன் நாலு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, "மேடம், கொசு கடிச்ச இடமெல்லாம் இப்படி வீங்கிப் போவுதே, பாருங்களேன்" என்று பிள்ளையின் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ரெண்டு மூணு இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கொசுக்கடிதானே, தேங்காய் எண்ணெய் தடவுங்க, சரியாயிடும்." சொல்லிவிட்டுத் தவணை பாக்கி கணக்குக்குத் திரும்பிவிட்டோம். சமூகப்பணி படித்துவிட்டு ஊர் ஊராக நலவாழ்வுப் பயிற்சி நடத்துகிற நாங்கள் சொன்ன பதில் அது.

பிள்ளை இரவெல்லாம் சொறிந்தது. பாட்டி சுண்ணாம்பு தடவினார். சொறிந்த தோலில் சுண்ணாம்பு பட்டு வெந்துபோனது. புண் ஆகி, சீழ் கோத்து, காய்ந்து பொருக்குத் தட்டியது. சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். மூணு வாரம் கழித்து ஒரு காலையில் பிள்ளை எழுந்திருக்கும்போது முகம் உப்பியிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சிறுநீர் கறுத்த டீத்தண்ணீர் மாதிரி போனது. மாவட்ட அரசு மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்தார்கள். தோலில் வந்த புண்ணின் கிருமியால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது, இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்குப் பத்து நாள் கூலி போச்சு. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் குழுவில் 4,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். ஆட்டுக்குட்டி வாங்க வைத்திருந்த பணமும் அதில் கரைந்தது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம், "கொசுக்கடிதானே."

கொசு கடித்தால் ஏன் தடிக்கிறது என்பதில் இருந்து ஆரம்பிப்போம். நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு பூந்தேனையும் செடிச் சாற்றையும் குடித்துக் காலத்தை ஓட்டிவிடும். (இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பாட்டி, "அங்கயும் குடும்ப பாரம் பொம்பளை தலையிலதானா" என்றார். சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆச்சு.) ரத்தத்தை உறிஞ்சும்போது அது உறையாமல் இருக்கக் கொசு தன் எச்சிலை நம் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களை நம் உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துச் சண்டைக்கு நிற்கிறது. அரிப்பும் தடிப்பும் அந்தச் சண்டைதான், கொசுவின் விஷம் என்று ஒன்று இல்லை.

இந்தச் சண்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. இங்கேதான் நம் வீடுகளில் பெரிய தகராறே வருகிறது. "நாங்களும் கொசுக்கடியிலதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு? உன் புள்ளைக்கு மட்டும் என்ன ராஜ உடம்பா?" என்று மாமியார் கேட்பார். மாமியார் சொல்வது பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தடிக்காது. பிறந்த குழந்தைக்கு முதல் சில கடிகள் தெரியவே தெரியாது. பிறகு, கடித்த மறுநாள் அரிக்கும் கட்டி வரும். இன்னும் கடிபடப் பட, கடித்த சில நிமிஷத்திலேயே தடிக்கும். வருஷக்கணக்கில் கடி வாங்கிய பிறகு உடம்பு அந்த எச்சிலுக்குப் பழகிப்போய்ச் சண்டையை விட்டுவிடும். பாட்டி கடைசிப் படியில் நிற்கிறார். பேத்தி நடுப்படியில் நிற்கிறாள். ஒரே கொசு, ஒரே வீடு, ரெண்டு விதமான உடம்பு. அதனால் பேத்தி சிணுங்குவது செல்லமும் இல்லை, கண்ணேறும் இல்லை. வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நம் ஊர்க் கொசுவுக்குப் பொசுக்கென்று வீங்குவதும் இப்படித்தான். அந்த வகைக் கொசுவுக்கு அவர்கள் உடம்பு இன்னும் பழகவில்லை.

சிலருக்கு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, இந்தச் சண்டை அளவு மீறிப் போகும். கடித்த சில மணி நேரத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு வீங்கும், சிவக்கும், தொட்டால் சூடாக இருக்கும். கண் பக்கம் கடித்தால் கண் மூடிக்கொள்ளும். காதில் கடித்தால் காது மடல் தடித்துத் தொங்கும். சில பிள்ளைகளுக்குக் கொப்புளமும் லேசான காய்ச்சலும் கூட வரும். டாக்டர்கள் இதை ஸ்கீட்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, கொசுக்கடிக்கு ஒவ்வாமை என்று ஞாபகம் வைத்தால் போதும். கவனித்துக்கொண்டால் மூணு நாளில் இருந்து பத்து நாளுக்குள் வடிந்துவிடும்.

இந்த ஒவ்வாமை வீக்கத்தையும் கிருமி புகுந்த வீக்கத்தையும் நாமே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒவ்வாமை வீக்கம் கடித்த அன்றைக்கே வரும், வலியைவிட அரிப்பு அதிகம் இருக்கும். கிருமி வீக்கம் ஒரு நாள், ரெண்டு நாள் கழித்துக் கிளம்பும். அரிப்பு குறைந்து வலி கூடும், தொட விடமாட்டார்கள், நாளுக்கு நாள் பரவும், சீழ் வைக்கும்.

சந்தேகமாக இருந்தால் பால்பாயிண்ட் பேனா எடுத்து, சிவப்பு முடிகிற ஓரத்தில் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாருங்கள். சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தால் நிம்மதி. கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் வேறு வைத்தியம் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். நர்ஸிடம் அந்தக் கோட்டைக் காட்டினாலே பாதி விஷயம் விளங்கிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரியும் செய்யக்கூடிய வேலை இது.

கடித்தவுடன் என்ன செய்ய வேண்டும்? சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் அதன் மேல் வையுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராகத் தோலில் வைக்கக் கூடாது. குளிர்ச்சி பட்டால் அரிப்பும் வீக்கமும் தணியும். ஆப்ப சோடா எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை ஒரு கரண்டி எடுத்து, துளித் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கடிவாயில் தடவி, பத்து நிமிஷம் கழித்துக் கழுவிவிடலாம். இதுவும் அரிப்பைக் குறைக்கும். மருந்துக்கடையில் ரோஸ் நிறத்தில் காலமைன் லோஷன் கிடைக்கும். பாட்டிலைக் குலுக்கிவிட்டுத் தடவ வேண்டும். ஆப்ப சோடாவோ காலமைனோ, புண் ஆன இடத்தில் வேண்டாம்.

வீக்கம் பெரிதாக இருந்து பிள்ளை தூங்க முடியாமல் அழுதால் ஒவ்வாமைக்கான மாத்திரையோ சிரப்போ வேண்டியிருக்கும். செட்டிரிசின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளையின் வயதுக்கும் எடைக்கும் தக்க அளவு மாறும் என்பதால், டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்காமல் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விடுங்கள். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்க" என்று கேட்டு வாங்குவதும் ஆபத்துதான். அப்படிக் கொடுக்கும் டியூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். தடவினால் ரெண்டே நாளில் அரிப்பு அடங்கும், அதனால்தான் நமக்குப் பிடித்துப்போகிறது. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை தடவினால் அது நல்ல மருந்து. நம் இஷ்டத்துக்கு மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், கிருமி தாராளமாகக் குடியேறும்.

சொறியாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. "சொறியாதே" என்று அதட்டினால் எந்தப் பிள்ளை கேட்கும்? நமக்கே கை தானாகப் போகிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூங்கும்போது கைக்குழந்தைக்கு மெல்லிய துணியில் கையுறை மாட்டிவிடலாம். கடித்த இடத்தில் நகத்தால் பெருக்கல் குறி போடுவது, எச்சில் தடவுவது, சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய், சாம்பல், எதுவும் வேண்டாம். நகத்திலும் எச்சிலிலும் இருக்கும் கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் தோலைப் பொசுக்கிவிடும்.

புண் ஆகிவிட்டால் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பொருக்குத் தட்டிவிட்டது, முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு சில வாரங்களுக்குப் பிள்ளையின் முகத்தைக் காலையில் பாருங்கள். முகம் உப்பினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாங்கள் மேலே சொன்ன பிள்ளைக்கு நடந்தது இதுதான். சரியான நேரத்தில் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுகிறார்கள்.

மிகவும் அபூர்வமாக, கடித்த கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இழுக்கும், உடம்பு முழுக்கத் தடிப்புப் படரும், வாந்தி வரும், மயக்கம் தட்டும். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும் வரை படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

காய்ச்சல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கொசுக்கடியோடு காய்ச்சல் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், புண்ணால் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், புருஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளும், "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று படிப்பில்லாதவர் போடும் ஊசியும் வேண்டவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் அந்த வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

இனி கடிபடாமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம். கொசுவிலும் ஷிப்டு உண்டு. காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதற்கு வெறி அதிகம். டெங்குவும் சிக்குன்குனியாவும் அது கொண்டுவருவதுதான். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் ராத்திரி ஷிப்டு, யானைக்கால் நோயைப் பரப்புவது அது. ராத்திரி மட்டும் வலை கட்டினால் பாதி வேலைதான் ஆகிறது. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் வலை வேண்டும். நம் ஊர்த் தூளியில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மெல்லிய சேலை குழந்தையின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். அந்தத் துணிக்கு மேலேயே கொசு உட்கார்ந்து குத்திவிடும். தூளிக் கயிற்றின் மேலிருந்து கீழே தரை வரைக்கும் சுற்றி வலையைத் தொங்கவிட வேண்டும். பெரியவர்கள் படுக்கும்போதும் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள், கையும் காலும் வலையோடு ஒட்டாமல் படுங்கள். கிழிந்த வலைக்கு ஊசி நூல் போதும், புதிது வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வலை வாங்க வசதி இல்லை, கொசுவத்தி போதும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைத்த அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் தலைமாட்டில் அதைத்தான் ஏற்றி வைக்கிறோம். வேப்பிலை, நொச்சி இலைப் புகையும் புகைதான். ஏற்றத்தான் வேண்டும் என்றால் ஆள் இல்லாத நேரத்தில் ஏற்றி, புகை போன பிறகு உள்ளே போங்கள். ஃபேன் இருந்தால் ஓடவிடுங்கள். கொசுவுக்குப் பறக்கும் பலம் குறைவு, காற்றில் தடுமாறும்.

உடம்பில் தடவும் கொசு விரட்டிக் களிம்பு நல்லதுதான். ரெண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் கண், வாய் பக்கமும் உள்ளங்கையிலும் தடவாதீர்கள், கையைக் கொண்டுபோய் வாயில் வைக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு முதலில் கையில் ஓர் இடத்தில் மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு தடவுங்கள். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவுகிற வீடுகள் உண்டு. சில தோலுக்கு ஒத்துக்கொள்ளும், சில தோலுக்கு எரியும். ஆனால் வேப்பெண்ணெய் சிறுகுழந்தையின் வயிற்றுக்குள் போகவே கூடாது, உயிருக்கே ஆபத்து. பாட்டிலை உயரத்தில் வையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். ஏடிஸ் சாக்கடையைத் தேடிப் போகாது. நாம் கைபடாமல் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையில் இருந்து கொசுவாகப் பறக்க எட்டு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு நாள் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொல்கிறோம். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சென்ற மாதம் ஒரு குழுவோடு தெருவில் நடந்து பார்த்தோம். தொட்டிகள் பரவாயில்லை. புழு நெளிந்தது எதில் தெரியுமா? ஆட்டுக்கல்லில். 2011-க்குப் பிறகு விலையில்லா கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய்விட்டது. குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஆறு வீட்டில் மண் போட்டு நிரப்பினோம். ஒரு வீட்டில் அந்த அம்மா மண் போட விடவில்லை, "அது எங்க அம்மா சீதனம்" என்றார். சரி என்று சாக்கு போட்டு மூடிக் கட்டினோம். கொட்டாங்குச்சி, பழைய டயர், பிளாஸ்டிக் டம்ளர், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, இவற்றையும் பாருங்கள். கழிப்பறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலைத்துணி கட்டுங்கள். அந்த ஒரு குழாய் வழியாக வருகிற கொசு ஒரு தெருவுக்கே போதும். தண்ணீர்த் தொட்டியில் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர்களில் பலர் நம்மைப் போல் குழுக்களில் இருக்கும் பெண்கள்தான்.

அந்த நாலு வயதுப் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. அதன் அம்மா உள்கடனில் 2,500 கட்டிவிட்டார். மீதியைப் பொங்கலுக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். போன கூட்டத்தில் அவரே எழுந்து, கொசுவலைக்கு என்று தனிக் கடன் கொடுக்கலாமா என்று கேட்டார். குழு ஒத்துக்கொண்டு தீர்மானம் எழுதியது. கூட்டமைப்பு மூலமாக மொத்தமாக வாங்கினால் விலை குறையும். உங்கள் குழுவில் எத்தனை வலை வேண்டும், இரட்டைப் படுக்கைக்கு எத்தனை, தூளிக்கு எத்தனை என்று தனித்தனியாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீடுகளின் பெயரை முதலில் எழுதுங்கள்.